அமிட்ரிப்டிலின் 10 சாப்பிடுறவங்க யாராவது இருக்கீங்களா?

மக்களே, ஒரு உதவி. நாங்க தக்கலை பக்கம். அம்மைக்கு 67 வயசு, சுகர் இருக்கு. ராத்திரி ஆனா உள்ளங்கால்ல மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரிச்சல். ஈரத்துணியைச் சுத்திட்டுத்தான் படுப்பா. டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதியிருக்கார், ராத்திரி ஒண்ணு.

பக்கத்து வீட்டுப் பையன் போன்ல தேடி, "இது மனச்சோர்வு மாத்திரை"ன்னுட்டான். அன்னையிலேருந்து "எனக்கென்ன கிறுக்கா?"ன்னு ஒரே சண்டை. நான் படிச்ச வரைக்கும், இது டிரைசைக்ளிக்னு ஒரு பழைய வகை, 1960கள்லேருந்து புழக்கத்துல இருக்கு. நரம்பு வலிக்குக் குறைஞ்ச அளவுலயே கொடுப்பாங்க, மனச்சோர்வுக்கு அளவு இதைவிட எவ்வளவோ கூட. இதை அம்மைக்கு எப்படிப் புரிய வைக்க?

ஒருத்தர் கருவாடு தொடக்கூடாதுன்னு வேற சொல்லிட்டார். நம்ம ஊர்ல கருவாடு இல்லாம சோறா! அந்தக் கட்டுப்பாடு எம்.ஏ.ஓ.ஐ.ங்கிற வேற பழைய வகைக்குத்தான், இதுக்கில்ல.

எரிச்சல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா வாய் காய்ஞ்சு போகுது, மலச்சிக்கல், காலையில கட்டில்லேருந்து எழும்பும்போது தலை சுத்துது. மூணுமே இந்த மாத்திரையோட தெரிஞ்ச பக்கவிளைவுதான். விழுந்துருவாளோன்னுதான் பயம். உங்க வீட்ல எத்தனை நாள்ல சரியாச்சு? மாத்திரையைச் சாயங்காலமே கொடுத்தீங்களா?

அம்மை கண் பிரஷருக்கு சொட்டு மருந்து விடுறா, அதை டாக்டர்கிட்ட சொல்ல மறந்துட்டேன். திங்கக்கிழமை போறேன். வேற என்னெல்லாம் கேட்கணும், சொல்லுங்க.