லேசர் செய்தும் நரம்பு புடைக்கிறது

தக்கலைக்காரன்:
மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 14 வருடமாக நின்றே வியாபாரம் பார்க்கிறேன். இடது காலில் வெரிகோஸ், அதாவது நரம்பு புடைத்துச் சுருளும் நோய். மூன்று வருடத்துக்கு முன் கடன் வாங்கி லேசர் செய்தேன். இப்போது கெண்டைக்காலில் மறுபடியும் பச்சை பச்சையாகப் புடைக்கிறது. லேசர் எல்லாம் வெறும் விளம்பரம். ஏமாறாதீர்கள்.

குழித்துறை நர்ஸ்:
ஒரேயடியாக அப்படிச் சொல்லாதீர்கள் தம்பி. நாம் நரம்பு என்கிறோம், அது சிரை என்ற ரத்தக்குழாய். தொடையில் ஓடும் சிரையின் வால்வு பழுதானால் மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே இறங்கித் தேங்கும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசித் துளை வழியாக லேசர் இழையை விட்டு, சுற்றிலும் மரப்பு மருந்து ஏற்றி, அந்தச் சிரையைச் சூட்டால் மூடிவிடுவார்கள். ரத்தம் ஆழத்திலுள்ள சிரைகள் வழியே போய்விடும். உங்களுக்கு இப்போது கெட்டிருப்பது வேறு கிளையாக இருக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் திரும்பப் பார்த்தீர்களா?

தக்கலைக்காரன்:
இல்லை. எந்தக் கிளையானாலும் கடுப்பு என் காலில்தானே அக்கா? 'இனி வரவே வராது' என்றுதான் அன்று சொன்னார்கள்.

குழித்துறை நர்ஸ்:
அப்படிச் சொன்னது தப்புதான்.

குலசேகரம் பால்வெட்டு:
மக்கா, பழைய ஆபரேஷன்தான் சரி. எங்கள் அப்பாவுக்கு 1998இல் தொடையைக் கீறி உருவி எடுத்தார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் விடியுமுன் ரப்பர் வெட்டப் போனார். எடுத்துப் போட்டது திரும்ப முளைக்குமா?

குழித்துறை நர்ஸ்:
முளைக்கும் அண்ணே. உருவிய இடத்தில் புதிதாகச் சின்னச் சிரைகள் கிளம்புவது உண்டு. பிரிட்டனில் லேசர், நுரை ஊசி (மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் ஏற்றுவது), ஆபரேஷன் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2019இல் வந்தது. நுரை ஊசியைவிட மற்ற இரண்டுக்கும் பலன் கூடுதல். அதனால் அப்பாவுக்குக் குணமானதில் ஆச்சரியமில்லை. ஆனால் லேசர் செய்தவர் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். பிரிட்டனில் 2013இலேயே அரசு வழிகாட்டுதலில் சூட்டால் மூடுவதைத்தான் முதலில் வைத்தார்கள்.

குலசேகரம் பால்வெட்டு:
ஒரே நாளில் வீட்டுக்குப் போய் மறுபடி அதே வேலைக்குத்தானே போகிறோம்?

குழித்துறை நர்ஸ்:
அது நியாயமான கேள்வி. தம்பி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே, உங்கள் கடையில் இல்லையா?

தக்கலைக்காரன்:
நாற்காலி போட்டிருக்கிறார்கள் அக்கா. அதன்மேல் சேலைக்கட்டு அடுக்கியிருக்கிறது. சரி, ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் டாப்ளர் எடுத்துவிட்டு வந்து சொல்கிறேன். ஆனால் கடன் வாங்கி லேசர் செய் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.