புதுப்பிப்பு: எஸ்க்யூஎல்லா, பைத்தானா?

எக்செல் ஓரளவு தெரியும், பிசினஸ் அனலிடிக்ஸ் (வணிகத் தரவுகளை அலசி முடிவெடுப்பது) கற்க அடுத்து எஸ்க்யூஎல்லா (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி) பைத்தானா (பொதுவான நிரல் மொழி) என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் எஸ்க்யூஎல் என்றீர்கள். அதையே எடுத்தேன், நல்ல யோசனைதான்.

தரவை எடுக்கும் செலெக்ட், வடிகட்டும் வேர், தொகுக்கும் குரூப் பை ஆகிய கட்டளைகள் எல்லாம் சீக்கிரம் பிடிபட்டன. நேரத்தைத் தின்றது ஜாயின், அதாவது இரண்டு டேபிள்களை இணைப்பது. ஒரு ஆர்டருக்குப் பணம் மூன்று தவணைகளில் வந்திருந்தால், ஆர்டர் டேபிளையும் பேமெண்ட் டேபிளையும் இணைத்ததும் அந்த ஆர்டர் மூன்று வரிசைகளாகிவிடும். அப்புறம் ஆர்டர் தொகையைக் கூட்டினால் அந்த விற்பனை மும்மடங்கு! எர்ரர் எதுவும் வராது என்பதுதான் வில்லங்கம். பேமெண்ட்டை முதலில் ஆர்டர் வாரியாகத் தொகுத்துவிட்டு இணைத்தால் சரியாகிவிடும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

சராசரியை மட்டும் நம்பாதே, வரைந்து பார் என்று ஒருவர் சொல்லியிருந்தார். 1973-இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளை வரைந்தேன். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி, பரவல், ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ஒன்றில் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டிச் சிதறியிருக்கின்றன, இன்னொன்று வளைவு, மற்ற இரண்டிலும் ஒற்றைப் புள்ளி கோட்டையே இழுத்துவிடுகிறது. மாதாந்திர அறிக்கையில் வெறும் சராசரியைப் பார்த்து முடிவெடுக்கும் மேலாளர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

தரவை வரைபடங்களாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருளை மேலோட்டமாகப் பார்த்தேன். பைத்தான் இன்னும் தொடவில்லை, அவசரமும் இல்லை.

அடுத்து ஏ/பி சோதனை, அதாவது இரண்டு வடிவங்களை வெவ்வேறு ஆட்களிடம் காட்டி எது மேல் என்று பார்ப்பது. எத்தனை பேரிடம் சோதிப்பது என்பதைத் தொடங்கும் முன்பே எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?