எம்ஜிபி பின் ஆக்சில்: பவுடர் கோட்டிங்கா, சாதா கறுப்பு பெயிண்டா?

அல்சூர்வாசி:
என்னுடையது 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கம்பி வீல் வண்டி. இடதுபக்க ஹப் சீல் (சக்கர மையத்தில் எண்ணெயை அடைக்கும் வளையம்) ஒழுகி பிரேக் ஷூ முழுக்க எண்ணெய், அதனால் பின் ஆக்சிலையே இறக்கிக் கட்டைமேல் வைத்திருக்கிறேன். பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையில் மணல் அடித்து மொத்தமாகப் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் தூளைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) போட்டுத் தருகிறோம், பளபளவென்று இருக்கும், துருவே பிடிக்காது என்கிறார்கள். எனக்கோ இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று அடியில் குனிந்து பார்த்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி வேண்டும். எது கறுப்பு, எது வெறும் உலோகம், நட்டு போல்ட்டுக்கு என்ன பிளேட்டிங்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவண்டி_பெங்களூரு:
சார், எதையும் இப்போதைக்கு அனுப்பாதீர்கள். மணல் அடித்துவிட்டால் அந்த ஆக்சில் சொல்ல வேண்டியதெல்லாம் போய்விடும். கமான் பட்டை உட்காரும் இடத்தில் ரப்பர் பேடை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள், பிரேக் பைப் கிளிப்புக்கு அடியிலும் பாருங்கள். வெயிலும் கல்லும் படாத இடங்கள் அவை, பழைய பெயிண்ட் அங்கேதான் மிச்சம் இருக்கும். இருந்தால் அது மெல்லிசான கறுப்பாகத்தான் இருக்கும், வெல்டிங் கோடும் வார்ப்பின் சொரசொரப்பும் அதன் வழியாகத் தெரியும். பவுடர் கோட்டிங் தடிமனாக அதையெல்லாம் மூடிவிடும். தவிர, போல்ட் இறுக்கும் முகங்களில் அது ஏறினால் நாள்பட அழுந்தி போல்ட் தளரும், ஓரிடத்தில் கல் பட்டுப் பெயர்ந்தால் ஈரம் உள்ளே போய்த் துரு படலத்துக்கு அடியிலேயே பரவும். பிரைமர் ஒரு கை, அரைப் பளபளப்புக் கறுப்பு ஒரு கை, அவ்வளவு போதும்.

அப்புறம், சீல் மாற்றினால் மட்டும் ஒழுகல் நிற்காது. ஆக்சில் மேலே இருக்கும் பிரீதரை, அதாவது காற்றுப்போக்கியை, கம்பியால் குத்திப் பாருங்கள். அது அடைத்திருந்தால் ஓடும் சூட்டில் உள்ளே காற்று விரிந்து எண்ணெயைப் புது சீல் வழியாகவும் தள்ளும்.

முலாம்_மணி:
நட்டு போல்ட்டைப் பற்றி நான் சொல்கிறேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் சின்ன நட்டு போல்ட் பெரும்பாலும் கேட்மியம், மங்கலான வெள்ளி நிறம். கேட்மியம் விஷம், இங்கே அதைத் தேடி அலைய வேண்டாம். பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றில் அடித்து மேற்பரப்பை மங்கலாக்கிவிட்டு வெள்ளை ஜிங்க் (துத்தநாக) முலாம் போட்டால் கிட்டத்தட்ட அதே தோற்றம் வரும். அப்படியே போட்டால் நீலம் பாய்ந்த மினுமினுப்பு வந்துவிடும், பார்த்தவுடனே புதுசு என்று தெரியும். யூ போல்ட் மாதிரி இழுவிசை அதிகம் தாங்குகிறவற்றைப் பிளேட்டிங் முடிந்த கையோடு 200 டிகிரி அளவில் சில மணி நேரம் அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஏறிய ஹைட்ரஜன் அவற்றை உடையும்படி ஆக்கிவிடும். கமான் பட்டைக்கு பிளேட்டிங் வேண்டவே வேண்டாம்.

ஆம்ஸ்ட்ராங் லீவர் டேம்பரின் (கை வைத்த பழைய வகை ஷாக் அப்சார்பர்) உடல் அலுமினியம், அதற்குப் பெயிண்ட் கிடையாது. அதன் மேல் மணல் படவே கூடாது, தூள் ஷாஃப்ட் சீலுக்குள் போனால் டேம்பர் காலி. மண்ணெண்ணெயும் பிரஷும் போதும்.

ஜேசி_ரோடு_ரசிகன்:
மேலே யாரும் சொல்லாதது ஒன்று. டிரம்மைக் கழற்றியதும் கம்பிரசர் காற்றை அடிக்காதீர்கள், பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடையுங்கள். கம்பி வீல் உட்காரும் பல்வெட்டு உள்ள ஸ்ப்ளைன் ஹப்பை பெயிண்டுக்கு அனுப்பும்போது இடது வலது என்று சீட்டு கட்டுங்கள். இடதுபக்கம் சாதாரண மரை, வலதுபக்கம் எதிர் மரை, மாறிப்போனால் ஓட்டும்போதே வீல் நட்டு கழன்றுகொள்ளும்.

அல்சூர்வாசி:
மிக்க நன்றி. பேடுக்கு அடியில் பார்த்தேன், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு அப்படியே இருக்கிறது, ஓரத்தில் ஒரு வடிசல்கூட. பிரீதர் சுத்தமாக அடைத்திருக்கிறது! பெயிண்ட்தான் அடிக்கப்போகிறேன். உள்ளே டிஃபரன்ஷியலை, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் அந்தக் கியர் தொகுதியை, தொடலாமா?

பழையவண்டி_பெங்களூரு:
உங்களுடையது பான்ஜோ ஆக்சில், டிஃபரன்ஷியல் மொத்தமாக முன்பக்கம் கழன்று வரும். 1967க்குப் பிந்திய ரோட்ஸ்டர்களில் வருகிற ட்யூப் ஆக்சில் அவ்வளவு சுலபமில்லை. வண்டி ஊளையிடவில்லை, கியர் போடும்போது டக்கென்று அடிக்கவில்லை என்றால் கியர் பல்லின் அமைப்பைக் கலைக்காதீர்கள். ஆனால் மணல் அடிப்பதாக இருந்தால் கழற்றித்தான் ஆகவேண்டும், குழாயின் இரு முனையையும் பிரீதர் ஓட்டையையும் அடைத்துவிட்டு அடிக்கச் சொல்லி, வந்ததும் உள்ளே நன்றாகக் கழுவுங்கள். மூடிய பின் இபி 90 கியர் எண்ணெய் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஊற்றும் துளையில் வழியும்வரை விடுங்கள்.