'இன்சிடென்ட் டு' கட்டணம்: 'வழிப்பணி' என்ற சொல்லை முன்மொழிகிறேன்

குழுவினருக்கு வணக்கம்.

மருத்துவக் கட்டணச் சொற்பட்டியலில் தமிழ்ச் சொல் முடிவாகாமல் இன்னும் இழுபறியாக இருக்கும் 'இன்சிடென்ட் டு' (incident to) பற்றி எழுதுகிறேன். தாதி செய்யும் பணிக்கு மருத்துவர் பெயரில் பில் போடும் அமெரிக்க முறை அது. மதுரை ஐயா 'தற்செயல் கட்டணம்' என்றார். ஈப்போ அக்கா 'சார்நிலைக் கட்டணம்' என்றார். கடைசியாக வந்த மடலில் 'உடனிருப்புக் கட்டணம்' என்றிருந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வார இறுதிகளில் நான் நடத்தும் வகுப்பில் மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளைகள்; தாதிப் பயிற்சி முடித்துவிட்டு, அமெரிக்க கிளினிக்குகளுக்கு பில் தயாரிக்கும் வேலைக்காகப் படிக்கிறவர்கள். மூன்று சொல்லும் அவர்களை வெவ்வேறு திசையில் தடுமாற வைத்தன.

முதலில் விதியைப் பார்ப்போம். அமெரிக்காவில் பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் பதிவு பெற்ற தாதி தம் பெயரில் பில் அனுப்ப இயலாது. கிளினிக்கில் அவர் செய்யும் பணி, மருத்துவர் தொடங்கி வைத்த சிகிச்சையின் பகுதியாக இருந்தால், மருத்துவரின் பெயரில் பில் போகும். அதுதான் 'இன்சிடென்ட் டு'.

வகுப்பில் நான் சொல்லும் எடுத்துக்காட்டு இது. காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு ஒரு பெண்மணி வருகிறார். மருத்துவர் புண்ணை அளந்து பார்த்து, என்ன மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்றுவது என்று எழுதி வைக்கிறார். அடுத்த முறை தாதிதான் பார்க்கிறார். பழைய கட்டைப் பிரித்து, உப்பு நீரால் கழுவி, ஓரங்களில் சீழ் கோத்திருக்கிறதா என்று கவனித்து, புதுக் கட்டுப் போட்டு, இரத்த அழுத்தம் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார். மருத்துவர் அந்த அறையில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் கூப்பிட்டால் உடனே வரும் தொலைவில், அதே கிளினிக்கில் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி; இதைத்தான் 'நேரடி மேற்பார்வை' என்கிறார்கள். அது தளர்ந்ததைப் பின்னால் சொல்கிறேன். இந்த வருகைக்கு 99211 என்ற பில் குறியீடு பொருந்தும்; மருத்துவர் நேரில் பார்க்கத் தேவையில்லாத எளிய மறுவருகைக்கானது அது. அதே பெண்மணி, "இரண்டு நாளாக நெஞ்சு படபடக்கிறது" என்று புதிதாக ஒன்றைச் சொன்னால் நிலைமை மாறிவிடும். புதிய நோய்க்கு மருத்துவர் வகுத்த திட்டம் இல்லை; அவர் நேரில் பார்த்தாக வேண்டும். ஊசி மட்டும் போட வந்தவருக்கு ஊசிக்கான 96372 குறியீட்டோடு 99211-ஐயும் சேர்த்துப் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் அது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். 'தற்செயல்' பொருந்தவே பொருந்தாது. இங்கே எதுவும் தற்செயலாக நடப்பதில்லை. எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த திட்டத்தின்படி நடக்கிறது. 'உடனிருப்பு' ஒரு நிபந்தனையை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அதுவும் தளர்ந்துவிட்டது: 2025 முதல் 99211 போன்ற சில பணிகளுக்கு மருத்துவர் நேரலைக் காணொளி வழியாகக் கிடைத்தாலே போதும் என்று மெடிகேர் நிலையாக ஏற்றுக்கொண்டுள்ளது. விதி மாறும்போதெல்லாம் பொய்யாகிப்போகும் சொல் நமக்கு வேண்டாம்.

'சார்நிலை' பற்றி அக்கா கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். சார்நிலைப் பணி, சார்நிலை அலுவலர் என்றெல்லாம் நாம் பதவிப் படிநிலையைக் குறிக்கத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். விதியோ தாதியின் தகுதியைப் பேசவில்லை. பணி எங்கே தொடங்கியது என்பதைத்தான் கேட்கிறது. சீழ் கோத்ததை முதலில் கண்டுபிடிப்பவர் தாதி. அவர் வேலையைக் கீழ்ப்படியில் உட்கார வைக்கும் சொல்லைப் பட்டியலில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

நம் இலக்கண மரபில் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாடு உண்டு. வழிநூல் முதல்நூலின் முடிவுகளோடு ஒத்துப்போகும். அதே வேளையில் தனக்கென்று சில வேறுபாடுகளையும் கொண்டிருக்கும். அந்த வழக்கையொட்டி, மருத்துவர் தொடங்குவதை 'முதற்பணி' என்றும், அதன் வழியில் தாதி செய்வதை 'வழிப்பணி' என்றும் வைக்கலாம். பில்லில் அது 'வழிப்பணிக் கட்டணம்'. முதற்பணி இல்லாமல் வழிப்பணி இல்லை என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

கடினமான இடத்தில் வைத்தும் பார்த்தேன். நர்ஸ் பிராக்டிஷனர் எனப்படும் உயர்நிலைத் தாதி அங்கே தம் பெயரிலேயே பில் அனுப்பலாம். மருத்துவருக்கான கட்டணத்தில் 85 விழுக்காடு கிடைக்கும். அவரே மருத்துவரின் திட்டத்தைத் தொடர்ந்து, 'இன்சிடென்ட் டு' விதிகளுக்கு உட்பட்டுச் செய்தால், மருத்துவர் பெயரில் முழுக் கட்டணம். ஆள் ஒருவரே, முன்னது அவருடைய முதற்பணி, பின்னது வழிப்பணி. 'சார்நிலை' என்றால் இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இந்தச் சொல்லை மலேசியக் கட்டணங்களுக்கு நீட்ட வேண்டாம். இங்கே தாதியர் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுகிறார்கள். தனியார் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அரசு கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டுப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு வருகிறார்கள். தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் கட்டுப் போட்ட காலத்தில் தொழிலாளியின் கையில் பில் என்று ஒன்று வந்ததே இல்லை. தனியார் பில்லில் தாதியின் வேலை தனி வரியாக வந்தால், 'தாதியர் சேவைக் கட்டணம்' என்று எழுதினாலே எங்கள் மக்களுக்குப் புரியும். அமெரிக்க விதிக்குப் பிறந்த சொல்லை அங்கே ஒட்டினால், இல்லாத ஒரு விதி இருப்பதுபோல் தோன்றிவிடும்.

பட்டியலுக்கான பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

வழிப்பணிக் கட்டணம்: (அமெரிக்க மெடிகேர்) மருத்துவர் தொடங்கி வகுத்த சிகிச்சையின் தொடர்ச்சியாக, அவருடைய நேரடி மேற்பார்வையில் தாதி முதலியோர் கிளினிக்கில் செய்யும் பணிக்கு, மருத்துவர் பெயரில் கோரப்படும் கட்டணம். மருத்துவமனைப் பணிகளுக்குப் பொருந்தாது.

'நேரடி மேற்பார்வை' என்பதற்கும் தனிப் பதிவு வேண்டும். அதை ஈப்போ அக்கா எழுதித் தந்தால் இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடலாம்.