கிராஸ் மாற்றியும் அதிர்வு போகவில்லை. கிரவுன் எத்தனை பல் என்று கேட்கிறார்கள்

காய்வண்டி (ஒட்டன்சத்திரம்):

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பாலக்காடு, திருச்சூர் வரை காய்கறி ஏற்றிப் போகும் மினி லாரி என்னுடையது. 2011 வண்டி, பின்னால் இரட்டைச் சக்கரம். பழைய வண்டியாக வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்தக் கம்பெனி என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் முதல் பத்துப் பதில்களும் எந்தக் கம்பெனி வண்டி உசத்தி என்ற சண்டையிலேயே கழிந்துவிடும்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு வரை, வண்டி கிளம்பும்போது அடியில் 'டக்' என்று ஒரு தட்டல் கேட்கும். வேறு தொந்தரவு கிடையாது. கிராஸ் (ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கூட்டல் குறி வடிவத் துண்டு) போயிருக்கிறது என்றார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி மூன்று கிராஸையும், ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கையும் மாற்றினோம். தட்டல் போனது, அதிர்வு வந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் சீட்டுக்கடியில் உலுக்கத் தொடங்குகிறது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் உருவமே கலங்கித் தெரிகிறது. 46-ஐத் தாண்டினால் கொஞ்சம் அடங்குகிறது. பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

கிராஸ் மாற்றிய பட்டறையில் இப்போது பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரம்) இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். கூலியோடு 25,000 ரூபாய் ஆகுமாம். உதிரிபாகக் கடைக்குப் போனால் "எத்தனை பல்?" என்று கேட்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் அது இல்லை. ஹவுசிங்கில் இருந்த தகடும் பெயிண்டில் மூழ்கிக் கிடக்கிறது. வண்டியை விற்றவர் சாக்குப் பையில் ஒரு பழைய கிரவுனும் பினியனும் கட்டிக் கொடுத்து, "இதுதான் ஒரிஜினல், பத்திரமாக வைத்திருங்கள்" என்றார். அப்படியானால் உள்ளே இருப்பது எது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைபேசியில் 50 என்று காட்டும்போது ஸ்பீடோமீட்டர் 60 காட்டுகிறது. மேலே நான் சொன்ன வேகங்கள் கைபேசிக் கணக்கு.

ஹவுசிங்கைத் திறக்காமல் பல் கணக்கு தெரிந்துகொள்ள வழி உண்டா? அதிர்வுக்குக் கிரவுன்தான் காரணமா?

வைகைக்கரை:

எனக்கும் இதே தொல்லை இருந்தது. கிரவுன் செட் மாற்றினேன், சரியாகிவிட்டது. யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

சங்ககிரிப் பட்டறை:

யோசிக்காமல் மாற்றுவதற்கு அது பல்பு இல்லை, வைகைக்கரை.

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. கிராஸ் மாற்றுவதற்கு முன் அதிர்வு இல்லை, மாற்றிய பின் வந்திருக்கிறது. கிரவுனை அன்றைக்கு யாரும் தொடவில்லை. கை பட்ட இடத்தை விட்டுவிட்டுக் கை படாத இடத்தைத் திறப்பானேன்?

கிரவுன், பினியன் தேய்ந்தால் பாடும், இப்படி உலுக்காது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி என்று ஊளை கேட்கும். கிரவுனைச் சந்தேகிப்பதானால் முதலில் ஹவுசிங் ஆயிலை இறக்குங்கள். வடிகால் போல்டின் காந்தத்தில் மை மாதிரி கருப்புக் கசடு ஒட்டியிருந்தால் அது வயது. நகத்துணுக்கு போல மினுங்கினால் அது வியாதி. பிறகு ஷாஃப்டின் பின்முனை வந்து சேரும் பினியன் ஃபிளாஞ்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லை என்றால் அந்த 25,000 ரூபாய் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இப்போது வண்டிக்கடியில் படுங்கள். சென்டர் பேரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் காதுகளைப் பாருங்கள். முன்முனைக் காதுகள் தரைக்குப் படுக்கைவாட்டில் இருந்தால் பின்முனைக் காதுகளும் அப்படியே இருக்க வேண்டும். ஒன்று படுத்து, ஒன்று சாய்ந்து இருக்கக் கூடாது. நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைன் மூட்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலே காதுகள் பிசகிவிடும். கம்பெனியில் இதற்காகவே இரண்டு பக்கமும் அம்புக்குறி அடித்திருப்பார்கள். கிரீஸையும் மண்ணையும் டீசலில் கழுவினால் தெரியும். முப்பது வருடமாக நான் பார்ப்பது இதுதான்: கழற்றும் முன் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடச் சோம்பல், அப்புறம் ஒரு வாரம் அலைச்சல்.

ஏன் உலுக்குகிறது என்றால், கிராஸ் சாய்வாக வேலை செய்யும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். காதுகள் ஒரே வரிசையில் இருந்தால் முன் கிராஸ் செய்யும் கோணலைப் பின் கிராஸ் நேராக்கிவிடும். வரிசை தப்பினால் நேராக்க ஆளில்லை. உலுக்கல் முழுவதும் வண்டிக்கு வரும்.

பல் கணக்குக்கு ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்தி முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஆக்சிலுக்கடியில் ஸ்டாண்டு கொடுங்கள், ஜாக்கியை நம்பாதீர்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டபடி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்திருப்பது ஆப்பு மட்டுமே. ஷாஃப்டில் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். பல பேர் இதை மறந்து பாதிக் கணக்கோடு கடைக்குப் போகிறார்கள். இரண்டு சுற்றோடு நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே போய், இரண்டு கோடும் எந்தச் சுற்றில் ஒன்றாகப் பழைய இடத்துக்கு வருகின்றன என்று பாருங்கள். டயர் எத்தனை, ஷாஃப்ட் எத்தனை, இரண்டையும் எழுதுங்கள். எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

முடித்ததும் ஹேண்ட்பிரேக்கைப் போட்ட பிறகுதான் ஆப்பை எடுக்க வேண்டும்.

பாகக்கடைக்காரர்:

ஐயா சொன்ன பிறகு நான் சேர்க்க அதிகம் இல்லை. கவுண்டரில் நிற்பவன் என்ற முறையில் கிராஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், நாங்களும் பெட்டியைப் பார்த்து எடுத்துக் கொடுப்போம், மறுநாள் திரும்பி வரும். பழைய வண்டியில் யார் எந்த ஷாஃப்டை மாட்டியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே பழைய கிராஸையே கொண்டுவாருங்கள். கிராஸின் நான்கு முனைகளிலும் இருக்கும் கப்பின் வெளி விட்டம், எதிரெதிர் கப்புகளின் முனைக்கு முனை நீளம் ஆகிய இரண்டையும் வெர்னியரில் அளந்துவிட்டால் முக்கால் சந்தேகம் தீரும். கப் கழன்று வராமல் பிடிக்கும் லாக்கு காதின் உட்புறம் விழுகிறதா, வெளிப்புறமா என்பது மீதிக் கால். கிளட்ச் பிளேட்டுக்கும் இதே வழிதான், வெளி விட்டமும் நடு ஓட்டையின் பல் எண்ணிக்கையும் வேண்டும்.

மாட்டிய பிறகு கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலும் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் முதலில் போகும்.

காய்வண்டி (ஒட்டன்சத்திரம்):

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கடியில்தான் கிடந்தேன்.

காந்தத்தில் கசடு மட்டும்தான் இருந்தது, மினுமினுப்பு இல்லை. ஃபிளாஞ்சிலும் ஆட்டம் இல்லை.

காதுகள் சாய்ந்துதான் இருந்தன. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, ஆனால் இத்தனை நாள் பார்க்கத் தெரியவில்லை. டீசலில் கழுவியதும் இரண்டு அம்புக்குறியும் வெளிவந்தன. ஸ்ப்ளைன் 16 பல். அம்புகளுக்கிடையே இரண்டு பல் தள்ளியிருந்தது, அதாவது 45 டிகிரி. கழற்றிச் சேர்த்து மாட்டி, பழனி வரை வெறும் வண்டியாக ஓட்டினேன். 40, 43, 46 எல்லாம் தாண்டியது. கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸின் நம்பரைப் படிக்க முடிந்தது.

பல் கணக்கு: என் மகன் ஷாஃப்டை எண்ணினான், நான் சக்கரத்தை எண்ணினேன். முதல் தடவை தெருவில் ஒருவர் "என்ன ரிப்பேரா?" என்று கேட்டு எண்ணிக்கை போயிற்று. இரண்டாம் தடவை, சக்கரம் 14 சுற்று முடிந்தபோது இரண்டு கோடும் பழைய இடத்துக்கே வந்தன. ஷாஃப்ட் சரியாக 43.

சாக்கில் இருந்ததையும் கழுவினேன். பினியனில் 8 பல், கிரவுனில் 41.

சங்ககிரிப் பட்டறை:

முதல்தரமான வேலை, நன்றாகச் செய்திருக்கிறீர்கள். மகனுக்கு ஒரு பரோட்டா வாங்கிக் கொடுங்கள்.

கணக்கு இப்போது பளிச்சென்று இருக்கிறது. 14 சக்கரச் சுற்று என்றால் கிரவுன் 7 சுற்று. அதற்கு ஷாஃப்ட் 43. ஆக உங்கள் ஹவுசிங்கில் இருப்பது 43 பல் கிரவுன், 7 பல் பினியன். விகிதம் 6.14. சாக்கில் இருப்பது 41-க்கு 8, அதாவது 5.125. முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 1.2 வரும். 50-க்கு 60 காட்டுகிற உங்கள் ஸ்பீடோமீட்டரும் அதே 1.2-தான். அதன் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. பின்னால் கிரவுன் மாறியது அதற்குத் தெரியாது. மீட்டர் கெட்டுப்போகவில்லை, பழைய கிரவுனை நினைத்துக்கொண்டே ஓடுகிறது.

உங்கள் டயரின் சுற்றளவைச் சுமார் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 43 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,800 சுற்றைத் தாண்டுகிறது. சுற்றுக்கு இரண்டு உலுக்கல் என்றால் நொடிக்கு 60. கண்ணாடி கலங்காமல் என்ன செய்யும்?

என் ஊகம், விற்றவர் மலையில் ஓட்டியவர். 6.14 மலை ஏறத்தான் போடுவார்கள். கேட்டுப் பாருங்கள்.

காய்வண்டி (ஒட்டன்சத்திரம்):

கேட்டேன் அண்ணா. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்கிய வண்டியாம். திரும்பி மேலே ஏறும்போது உரமூட்டை ஏற்றுவாராம். "ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று மாற்றினேன்" என்றார். சமதரையில் இன்ஜின் ஏன் இப்படிக் கத்துகிறது என்று இத்தனை நாள் எனக்குப் புரியவில்லை. எனக்கு மலையே கிடையாது. சாக்கில் இருக்கும் 41-க்கு 8-ஐயே திரும்ப மாட்டிவிடலாமா?

சங்ககிரிப் பட்டறை:

அவசரப்படாதீர்கள். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசி இழைத்து ஜோடி சேர்த்தவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைக் கீறியிருப்பார்கள். சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் வெள்ளை தங்கி எண் தெரியும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

காய்வண்டி (ஒட்டன்சத்திரம்):

பார்த்தேன். பினியனில் 217, கிரவுனில் 184.

சங்ககிரிப் பட்டறை:

அப்படியானால் அவை ஜோடி இல்லை. யாரோ இரண்டு செட்டில் உடைந்ததை எறிந்துவிட்டு மிச்சத்தை ஒரே சாக்கில் கட்டியிருக்கிறார்கள். மாட்டினால் முதல் நாளே ஊளையிடும். பழைய இரும்புக்குப் போடுங்கள்.

இப்போது உள்ளே இருப்பது நல்ல நிலையில் இருக்கிறது. அது தேயும்வரை ஓட்டுங்கள், டாப் கியரில் 60-க்கு மேல் விரட்டாதீர்கள். தேய்ந்த பின் 41-க்கு 8 புது ஜோடியாக, ஒரே எண் போட்டதாக வாங்குங்கள். வாங்கும் முன், கிரவுனைத் தாங்கும் உங்கள் டிஃபரன்ஷியல் கூட்டில் அது உட்காருமா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹவுசிங்குக்கு ஜி.எல்.-5 தரத்தில் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்கு ஊற்றியது மிச்சம் இருக்கிறதென்று அதையே இங்கே ஊற்றாதீர்கள். அப்படியே ஹவுசிங் மேல் இருக்கும் காற்றுத் துளை மூடியையும் கழற்றிக் கழுவுங்கள். மண் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் பிரேக் டிரம்முக்குள் போகும்.

காய்வண்டி (ஒட்டன்சத்திரம்):

துளை அடைத்துத்தான் இருந்தது அண்ணா. கழுவிவிட்டேன். தகட்டின் பெயிண்டையும் சுரண்டிப் பார்த்தேன், அதில் 8/41 என்றுதான் இருக்கிறது. பக்கத்திலேயே ஹவுசிங்கில் வெள்ளைப் பெயிண்டால் 7/43 என்று எழுதிவைத்திருக்கிறேன்.