சென்னையிலிருந்து போக்கர் போட்டிக்குத் தனியாகச் செல்லும் பெண்: மேசையில் என்ன எதிர்பார்க்கலாம்?

கேள்வி: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு ஆண்டுகளாகப் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடிவருகிறேன். அதில் பெரும்பகுதி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியில் ஆடியதுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்ததோடு அந்த வழி அடைபட்டது. இப்போது மாதம் இருமுறை தோழி ஒருத்தியின் வீட்டில், பணம் எதுவும் வைக்காமல், புளியங்கொட்டைகளைச் சிப்ஸாக (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லைகளாக) கொண்டு நான்கு பேர் ஆடுகிறோம்.

கோவாவில் நடக்கும் போட்டி ஒன்றில் நேரில் உட்கார்ந்து ஆட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பங்கேற்புக் கட்டணம் 35,000 ரூபாய், சேமித்து வைத்திருக்கிறேன். ஆனால் என்னுடன் வருவதற்கு யாரும் இல்லை. ஒன்பது பேர் அமரும் மேசையில் நான் ஒருத்தி மட்டும் பெண்ணாக இருந்தால் எப்படி நடத்துவார்கள்? பெண்களுக்கு மட்டுமான போட்டியில் முதலில் ஆடுவது நல்லதா? என் பெரியப்பா கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் வீட்டுமனையை இழந்தவர் என்பதால், சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவின் முகம் மாறிவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், பதில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மயிலைத் தோழி

வணக்கம், தோழி. ஒன்பது ஆண்டுகளாக நேரடிப் போட்டிகளில் ஆடுபவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். நீங்கள் நாற்காலியில் அமரும்போதே, ஒரு சீட்டைக்கூடத் தொடாமல் இருக்கையிலேயே, மற்ற எட்டுப் பேரும் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். "இவர் பயந்து ஆடுவார், பந்தயத் தொகையை உயர்த்தினால் சீட்டைக் கீழே வைத்து விலகிவிடுவார், ப்ளஃப் (நல்ல சீட்டு இல்லாமலேயே இருப்பதுபோல் காட்டுவது) செய்யமாட்டார்" என்பதே பெரும்பாலும் அந்த முடிவாக இருக்கும். அது தவறான கணிப்பு. ஆனால் அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள் உண்மையில் எப்படி ஆடுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. போக்கரில் இதைவிடப் பயனுள்ள தகவல் அரிது.

ஒரு கையை, அதாவது சீட்டுப் போட்டதிலிருந்து முடியும்வரையான ஓர் ஆட்டத்தை, சொல்கிறேன். ப்ளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 500–1,000 என்ற கட்டம். நான் தொகையை உயர்த்திய மூன்று முறையும் எதிரில் இருந்தவர் சீட்டைச் சரியாகப் பார்க்காமலேயே மறுபடி உயர்த்தினார். மூன்று முறையும் விட்டுக்கொடுத்தேன். நான்காவது முறை என்னிடம் ராணி ஜோடி இருந்தது. திரும்ப உயர்த்தாமல், அவர் வைத்த தொகையை மட்டும் ஈடுசெய்தேன். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் சீட்டுகளில் 9, 5, 2 வெவ்வேறு இனங்களில் விழுந்தன. அவர் வைத்தார், நான் ஈடுசெய்தேன். அடுத்து 3 விழுந்தது, அதேபோல. கடைசியில் ஜாக்கி விழுந்ததும் சிப்ஸ் முழுவதையும் இரண்டு கைகளாலும் தள்ளினார். ஜாக்கி ஜோடியோ ராஜா ஜோடியோ வைத்திருந்தால் நான் அன்றே ஊர் திரும்ப வேண்டியிருக்கும். ஆனால், முந்தைய மூன்று முறையும் சிப்ஸை நிதானமாக எண்ணி வைத்தவர், இம்முறை எண்ணவே இல்லை என்பதைக் கவனித்தேன். ஏறக்குறைய ஒரு நிமிடம் யோசித்த பிறகு ஈடுசெய்தேன். அவரிடம் இருந்தவை ஏஸும் பத்தும், ஒன்றும் சேரவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் அவர், "இவர்களுக்குச் சீட்டைக் கீழே வைக்கத் தெரியாது" என்று என் காதுபடவே சொன்னார். அந்த வாக்கியம் எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர் தோற்றதற்கும் நான் பெண் என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்தச் சாதகம் ஒரு மணி நேரம்கூட நீடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு ப்ளஃபில் பிடிபட்டுவிட்டால் போதும். அதன் பிறகு நீங்கள் எதை வைத்தாலும் யாராவது ஒருவர் ஈடுசெய்துகொண்டே இருப்பார். அப்போது ப்ளஃபை முற்றிலும் நிறுத்திவிட்டு, நல்ல சீட்டு வந்தால் மட்டும் பெரிதாக வையுங்கள்.

அடுத்து, கேட்காத அறிவுரை. நீங்கள் தோற்ற கையை எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று பக்கத்து நாற்காலிக்காரர் கற்பிக்கத் தொடங்குவார். பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதை அவரே விளக்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் எல்லை மீறினால் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒருமுறை ஒருவர் ஒவ்வொரு கைக்குப் பிறகும் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையே, சீட்டுப் போடும் டீலரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "ஃப்ளோரைக் கூப்பிடுங்கள்" என்றேன். ஃப்ளோர் எனப்படும் நடுவர் வந்து எச்சரித்தார். மீண்டும் செய்தபோது ஒரு சுற்று முழுவதும் அவரை மேசையிலிருந்து எழுந்து நிற்கச் செய்தார். அந்தச் சுற்றில் அவருடைய ப்ளைண்ட் தொகை மட்டும் அவர் சிப்ஸிலிருந்து போய்க்கொண்டிருந்தது. இந்த விதி இருப்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் முதல் தட்டலுக்கே கூப்பிட்டிருப்பேன்.

மற்றொரு எச்சரிக்கை, பணம் போட்டு உங்களை ஆட வைக்க முன்வருபவர்களைப் பற்றியது. ஒருவர் கட்டணத்தைச் செலுத்துவதும், அதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் பரிசைப் பங்கிட்டுக்கொள்வதும் போக்கர் உலகில் இயல்பான ஏற்பாடுதான். எனக்கு அப்படி முன்வந்த ஒருவர், பங்கு விழுக்காட்டை எழுதித் தரும்படி கேட்டபோது நழுவினார். பிறகு இரவு பதினொரு மணிக்கு மேல் அழைக்கத் தொடங்கினார். எழுத்தில் வராத பணத்தைத் தொடாதீர்கள்.

சிறு செய்திகள் சில: கூடம் கடுங்குளிராக இருக்கும், சால்வை எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாள் ஆட்டம் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நீளும். மாதவிடாய் நாள்களில் அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை எந்த வழிகாட்டியும் எழுதுவதில்லை. இடைவேளையில் ஆண்கள் கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை நிற்கும், நம்முடையது வெறுமையாக இருக்கும்; அந்த ஐந்து நிமிடத்தைக் கண்மூடி உட்காரப் பயன்படுத்துங்கள். மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் ஆட்டம் என்றால் படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆகவே படகுத்துறையிலிருந்து நடக்கும் தொலைவில், பணஜியிலேயே அறை எடுங்கள். வென்ற இரவில் எவ்வளவு வென்றீர்கள் என்பதை வாகன ஓட்டுநர் உட்பட யாரிடமும் பேசாதீர்கள்.

பதில் 2: தி.நகர் கணக்காளர்

மேலே உள்ள பதிலுக்கு நன்றி. நான் ஆடுபவன் அல்லன். ஆடுபவர்களின் வரிக் கணக்கைப் பார்ப்பவன் என்பதால் சட்டத்தையும் பணத்தையும் மட்டும் சொல்கிறேன்.

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னது. உங்கள் பெரியப்பா போன கிண்டிப் பந்தயத்தையும் 1996-இல் திறமை சார்ந்த விளையாட்டு என்றே தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என வகைப்படுத்திய மாநிலச் சட்டத்தின் அட்டவணையை நீக்கியது. ஆனால் 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் இணையவழியில் பணம் வைத்து ஆடுவதையே தடுக்கிறது. ஆகவே, "தனிச்செயலி ஒன்று இருக்கிறது, அதில் தகுதிச்சுற்று ஆடலாம்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வரியை உதாரணத்தோடு பாருங்கள். 35,000 ரூபாய் வீதம் ஐந்து போட்டிகளில் ஆடுகிறீர்கள்; செலவு 1,75,000. நான்கில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஐந்தாவதில் 2,00,000 பரிசு என்று வைத்துக்கொள்வோம். பரிசுக்கு வரி 30 விழுக்காடு, அதன் மேல் கூடுதல் வரியும் உண்டு. பங்கேற்புக் கட்டணத்தைச் செலவாகக் கழிக்கவோ பழைய இழப்பை ஈடுகட்டவோ சட்டம் இடம் தரவில்லை. இரண்டு வரியும் சேர்ந்து 62,400 போக மிஞ்சுவது 1,37,600. பரிசு வாங்கிய ஆண்டில் உங்களுக்கு நேர்ந்தது 37,400 ரூபாய் நட்டம். பயணச் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வேலையை விட்ட இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

பதில் 3: அண்ணா நகர்ப் பெண்

மயிலைத் தோழி எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் பெண்கள் போட்டியைப் பற்றிய கேள்விக்கு அவர் பதில் தரவில்லை, அது முக்கியமானது என்று கருதுகிறேன். லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற போட்டித் தொடரில் 1977 முதல் பெண்களுக்கான போட்டி இருக்கிறது. சட்டப்படி ஆண்களைத் தடுக்க முடியாததால் சிலர் வேண்டுமென்றே வந்து அமர்ந்தனர். 2013 முதல் கட்டணத்தை 10,000 டாலராக்கி, பெண்களுக்கு மட்டும் 1,000 டாலராகக் குறைத்தார்கள். ஓர் இடத்தைக் காப்பதற்கு இத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடத்துக்குத் தேவை இருக்கிறது.

நான் நேரடி ஆட்டத்தைக் கற்றது அப்படிப்பட்ட சிறு போட்டியில்தான். சிப்ஸை எப்படி வைப்பது, முறை வருமுன் பேசாமல் இருப்பது, சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பது ஆகியவற்றில் தடுமாறியபோது அங்கே யாரும் என்னைப் "பெண்" என்று கணிக்கவில்லை, புதியவள் என்றுதான் நினைத்தார்கள். அந்த வேறுபாடு என் கை நடுக்கத்தை நிறுத்தியது.

அதே சமயம் அங்கேயே தங்கிவிடவும் கூடாது. 1995-இல் பார்பரா என்ரைட் என்ற பெண் வேர்ல்டு சீரிஸ் தொடரின் முதன்மைப் போட்டியில் இறுதி மேசைக்கு வந்து ஐந்தாம் இடம் பெற்றார். அடுத்த பெண், ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ், அம்மேசைக்கு வந்தது 2025-இல். முப்பது ஆண்டு இடைவெளிக்குத் திறமைக் குறைவு காரணம் அன்று. அந்தப் போட்டியில் அமர்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பெண்களாக இருப்பதில்லை. நம் நாட்டின் நிகிதா லூதர் 2018-இல் அத்தொடரின் குழுப் போட்டி ஒன்றில் வென்று, வெற்றியாளருக்குத் தரப்படும் பிரேஸ்லெட்டைப் பெற்றார். அதே ஆண்டில் முஸ்கான் சேத்தி போக்கருக்காகக் குடியரசுத் தலைவரிடம் விருது பெற்றார். அந்தப் படத்தை என் மாமியாரிடம் காட்டியபோதுதான் அவர் முதல்முறையாக, "இதில் கணக்கும் உண்டா?" என்று கேட்டார். அதிர்ஷ்டமல்ல என்று வாதிடுவதைவிட, எவ்வளவு இழக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்ற தொகையை உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொகையைப் பற்றியும் ஒரு சொல். நூறு பேர் ஆடினால் பத்து முதல் பதினைந்து பேருக்குத்தான் பரிசு. இதையே தொழிலாகக் கொள்பவர்கள் நூறு போட்டிகளுக்கான கட்டணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பார்கள். 35,000 என்றால் 35 லட்சம். உங்களிடம் இருப்பது ஒன்றுக்கானது. அதே விழாவில் சிறு கட்டணப் போட்டிகளும் நடக்கும், அங்கிருந்து தொடங்கலாமே.

கேள்வி கேட்டவர்: வேளச்சேரி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்காளர் ஐயாவின் உதாரணத்தை ஒரு தாளில் எழுதி, நேற்றிரவு அம்மாவின் முன் வைத்தேன். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா இப்படி எழுதி வைத்ததே இல்லை" என்றார். 35,000 ரூபாய் போட்டியைக் கைவிட்டுவிட்டேன். அந்தத் தொகைக்குள் போகவர விமான டிக்கெட், பணஜியில் மூன்று இரவு அறை, சிறு கட்டணப் போட்டிகள் இரண்டு என்று வரையறுத்திருக்கிறேன். அதற்கு மேல் எடுக்கவே முடியாதபடி வங்கி அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் செல்கிறேன். மயிலைத் தோழியிடம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது: நடுவரைக் கூப்பிடுவதென்றால், நடந்துகொண்டிருக்கும் கை முடியும்வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது உடனே கூப்பிடலாமா?

மயிலைத் தோழி

கை நடுவில் உங்கள் முறை என்றால், முதலில் முடிவெடுத்துச் சீட்டைப் பத்திரமாகக் கையடியில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்களைத் தொட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம்; அந்த நொடியிலேயே கூப்பிடுங்கள், டீலர் ஆட்டத்தை நிறுத்திவைப்பார்.