கலைச்சொல்: 'எக்சோனிம்' – புறப்பெயரா, அயற்பெயரா?

அனைவருக்கும் வணக்கம்.
வண்ணாரப்பேட்டையில் எங்கள் பள்ளியில் வடசென்னை ஊர்ப்பெயர்க் கண்காட்சி வைக்கிறோம். பலகைகள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஊரார் அழைக்கும் பெயர் இருக்க, வெளியார் தங்கள் மொழியில் வழங்கும் பெயர் 'எக்சோனிம்'. 'புறப்பெயர்' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?
– செ.

செ. அம்மா, புறம் என்றதும் போர்த் திணைகளான வெட்சியும் கரந்தையும்தான் முன்னால் வந்து நிற்கும். 'அயற்பெயர்' போதும்; பிள்ளைகளுக்கும் புரியும்.
அப்புறம், தொண்டியிலிருந்து வந்த சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபுவால்தான் தண்டையார்பேட்டைக்குப் பெயர் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே, 1693-இல், எழும்பூர், புரசைவாக்கத்தோடு அந்த ஊரும் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போய்விட்டது.
– ப.மு.

அயல் என்றால் பக்கம். பக்கத்து வீட்டுக்காரரும் அயலார்தான். கப்பலேறி வந்தவரை அது எப்படிச் சுட்டும்? 'ஏதிலார் குற்றம்போல்' என்கிறது குறள்; ஏதிலார் என்றால் நமக்குத் தொடர்பில்லாத அந்நியர். ஏதில் + பெயர் = ஏதிற்பெயர். பழகினால் எல்லாச் சொல்லும் புரியும்.
– திரு.

திரு ஐயா, ஏதிற்பெயருக்குப் பலகையில் தனியாக உரை எழுத வேண்டியிருக்கும்.
எனக்கு வேறு கவலை. எல்லா வெள்ளைக்காரப் பெயரையும் இந்த ஒரு சொல்லில் அடைக்க முடியாது. வாஷர்மேன்பேட் என்பது வண்ணாரப்பேட்டையின் மொழிபெயர்ப்பு, அது எக்சோனிம்தான். ஜார்ஜ் டவுன், ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் ஆட்சியாளர் சூட்டியது. பாரிமுனையோ மூன்றாவது வகை. 1788-இல் இங்கே வணிகம் தொடங்கிய வேல்ஸ்காரர் தாமஸ் பாரி. அவர் நிறுவனம் நின்ற முனையைப் பாரிமுனை ஆக்கியது நம் மக்களின் வாய். பறம்புமலைப் பாரி என்றே நம்பும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் அயலார், பெயர் நம்முடையது. இதை அயற்பெயர் என்றால் தவறு.
– க.வ., ராயபுரம்

அப்படியானால் உங்கள் ராயபுரம்? பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்பார்கள். அவருக்குக் கோயில் எழுப்பியவர்கள் படகோட்டிகள். அந்தப் பெயரால் வந்த ஊர் என்றுதானே சொல்கிறார்கள்?
– ப.மு.

அதுவும் நம் பெயர்தான். அந்தப் பலகையில் அயற்பெயர் என்று போட்டால் ஊரார் சண்டைக்கு வருவார்கள்.
– க.வ.

நன்றி. பெரும்பாலோர் சொன்னபடி 'அயற்பெயர்' போடுகிறேன்; வாஷர்மேன்பேட்டுக்கு மட்டும். பாரிமுனைக்கும் ராயபுரத்துக்கும் 'ஆட்பெயரால் வந்த ஊர்ப்பெயர்' என்று விரித்தே எழுதிவிடுகிறேன். ஜார்ஜ் டவுனுக்கு என்ன போடுவது?
– செ.

ஏதிற்பெயர். என் கருத்தில் மாற்றமில்லை.
– திரு.